கடைசிக் கம்பத்து வீடு

(பொறியியல் மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் வளர்ந்த வீடு ஊரின் கடைசிக் கம்பத்தில் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் ஊரின் மறுகோடியில், ரைஸ்மில்லுக்குப் பக்கத்தில். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் எங்கள் வீட்டு டியூப் லைட் இரண்டு ஓரமும் சிவக்கும், நாலைந்து முறை கண் சிமிட்டும், எரியாமலே நின்றுவிடும். அது தெரிந்துதான் அம்மா அந்தி சாய்வதற்கு முன்பே அரிக்கேன் விளக்கின் சிமினியைத் துடைத்து வைத்துவிடுவார். பதிவேட்டில் எங்கள் வீடு மின் இணைப்பு பெற்ற வீடு. நானும் என் தம்பியும் பாடம் படித்தது மண்ணெண்ணெய் வெளிச்சத்தில்.

பிறகு நான் மின்பொறியியல் படித்தேன்; முப்பது ஆண்டுகள் அதையே கற்பித்தேன். எங்கள் வீட்டு டியூப் லைட் ஏன் எரியவில்லை என்பதற்குக் கரும்பலகையில் ஒரு சமன்பாடு போதும். நீண்ட மெல்லிய கம்பி, அதில் ஓடும் மின்னோட்டம், வழியெல்லாம் கரையும் மின்னழுத்தம். எந்த ஊரில், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எவ்வளவு கரைகிறது என்பதை அந்தச் சமன்பாடு சொல்லாது. அதைப் போய் அளக்க வேண்டும். அளக்கக் கருவி வேண்டும், ஆள் வேண்டும், காலம் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

ஒருமுறை, சில கிராமங்களில் மின்னழுத்தத்தைப் பதிவுசெய்யும் கருவிகளை ஓராண்டு வைத்துப் பார்க்க உதவி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். அதைக் கொடுத்த அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். பொறுமையாகப் படித்தார். "சார், டிரான்ஸ்ஃபார்மர் வாங்கணும்னா சொல்லுங்க, ஏற்பாடு பண்ணலாம். அளந்து பார்க்கறதுக்குன்னு எங்ககிட்ட தலைப்பே கிடையாது" என்றார். அவர் சொன்னது உண்மை. கம்பத்துக்குப் பணம் ஒதுக்கத் தலைப்பு இருந்தது. கணக்குக்கு இல்லை. வளரும் நாடுகள் பலவற்றில் இன்றும் நிலைமை இதுதான். நான் இன்று சொல்ல வந்ததும் இந்த ஒன்றைத்தான்: கணக்குக்குப் பணம் ஒதுக்காத நாடு, கம்பத்துக்குப் போட்ட பணத்திலும் ஒரு பகுதியை இழக்கிறது.

எண்ணிக்கையில் இருக்கும் மின்சாரம்

உலகில் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 66 கோடிப் பேருக்கு மின் இணைப்பு இல்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கில் வராதவர்களும் உண்டு. எங்கள் வீட்டைப் போல இணைப்பு இருந்தும் வெளிச்சம் இல்லாதவர்கள். அவர்களை யார் எண்ணுவது?

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு மின்சாரம் போனதோடு இந்தியாவின் எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரும் உழைப்பின் பயன் அது. அந்த மலைகளில் கம்பம் தூக்கிச் சென்றவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் 'மின்மயமான கிராமம்' என்ற சொல்லுக்கு அரசு வைத்திருந்த இலக்கணம் என்ன? பள்ளி, சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களில் மின்சாரம் இருக்க வேண்டும். வீடுகளில் நூற்றுக்குப் பத்து வீட்டில் இணைப்பு இருக்க வேண்டும். அவ்வளவுதான். மீதித் தொண்ணூறு வீடு இருட்டில் இருந்தாலும் ஊர் மின்மயமான ஊர்தான்.

இந்த இலக்கணம் போதாது என்று காட்டியவர்கள் ஆய்வாளர்கள். டெல்லியில் உள்ள எரிசக்தி, சுற்றுச்சூழல், நீருக்கான கவுன்சில் 2015இல் பீகார், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா, உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய ஆறு மாநிலங்களில் 8,500க்கும் மேற்பட்ட கிராமப்புற வீடுகளின் கதவைத் தட்டியது. கரண்ட் இருக்கிறதா என்பதோடு விடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வருகிறது, சாயங்காலம் வருகிறதா, வோல்டேஜ் போதுமா, பொருள் எதுவும் எரிந்துபோனதா என்றெல்லாம் கேட்டது. அதே ஆண்டில் உலக வங்கியும் மின் வசதியை 'உண்டு, இல்லை' என்று பிரிக்கும் பழக்கத்தை விட்டு, பூஜ்யம் முதல் ஐந்து வரை படிநிலைகளாகப் பார்க்கும் முறையை முன்வைத்தது. புனேயில் பிரயாஸ் என்ற அமைப்பு வீட்டு பிளக்கில் செருகும் சிறு கருவி ஒன்றை உருவாக்கி, மின்னழுத்தத்தை நிமிடத்துக்கு நிமிடம் பதிவுசெய்து எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டது.

இவற்றுக்கு ஆன செலவு ஒரு துணை மின்நிலையம் கட்டும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் கேள்வியையே மாற்றியது இந்தச் சிறிய பணம். 'கம்பம் நட்டாயிற்றா?' என்று கேட்டுவந்த நாடு, 'கரண்ட் வருகிறதா?' என்று கேட்கத் தொடங்கியது.

அக்ராவின் பிளக்குகள்

இனிக் கானா நாட்டுக்குப் போவோம். அங்கே 'டும்சோர்' என்று ஒரு சொல் உண்டு. அக்கான் மொழியில் 'டும்' என்றால் அணைப்பது, 'சோர்' என்றால் ஏற்றுவது. 2012 தொடங்கி நாலைந்து ஆண்டுகள் அந்நாட்டை மின்வெட்டு ஆட்டிப்படைத்தபோது தெருவில் பிறந்து அரசியல் மேடை வரை ஏறிய சொல் அது. 'கரண்ட் போச்சு, கரண்ட் வந்துச்சு' என்று நாம் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தை நினைத்துப்பாருங்கள். அந்தச் சொல்லின் எடை புரியும்.

2014இல் அமெரிக்க அரசின் மில்லேனியம் சேலஞ்ச் நிறுவனம் கானாவின் மின்துறைக்கு 498 மில்லியன் டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. பிற்பாடு அந்தத் தொகை சுருங்கியது வேறு கதை. புதிய கம்பிகள், புதிய டிரான்ஸ்ஃபார்மர்கள் என்று வேலை தொடங்கியபோது ஓர் எளிய கேள்வி எழுந்தது. இவ்வளவும் செய்தபின் மின்தடை குறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரிய மின்நிலையங்களில் கருவிகள் உண்டு. வீடுகளுக்குப் போகும் தாழ்வழுத்தக் கம்பியில் எதுவும் இல்லை. வசதியான நாடுகளில் கரண்ட் போனால் மக்கள் போன் செய்வார்கள். மின் நிறுவனம் அதை வைத்தே ஓரளவு கணக்குப் போட்டுவிடும். வாரத்தில் பல முறை கரண்ட் போகும் ஊரில் யார் போன் செய்வார்கள்? போன் செய்து ஒன்றும் நடக்காது என்று பழகிப்போன மக்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பதிவேட்டிலும் தடை இல்லை என்றே ஆகிவிடுகிறது. எங்கே துன்பம் அதிகமோ அங்கே புகார் குறைவு. ஏழை நாடுகளின் மின்துறைப் புள்ளிவிவரத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் முதலில் செல்போன் செயலி ஒன்றால் மின்தடையைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். அதோடு, சுவர் பிளக்கில் செருகும் சிறு உணர்கருவி ஒன்றையும் செய்தார்கள். 2018 முதல் கானாவின் தலைநகரான அக்ராவின் வீடுகளிலும் கடைகளிலும் நூற்றுக்கணக்கில் அதைப் பொருத்தினார்கள். மின்சாரம் போனால் கருவி தன்னுள் இருக்கும் பாட்டரியில் இயங்கி, செல்போன் அலைவரிசை வழியாக நேரத்தையும் இடத்தையும் அனுப்பிவிடும். ஒரு கருவி மட்டும் அணைந்தால் வீட்டுக்காரர் பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். அக்கம்பக்கத்துக் கருவிகள் பல ஒரே நொடியில் அணைந்தால் அது மின்தடை. எளிமையான யோசனை, ஆனால் அக்ராவில் போய் நின்று யோசித்ததால் வந்த யோசனை.

மாணவர்களே, இதை மனதில் வையுங்கள். கரண்ட் போகாத நாட்டின் ஆய்வுக்கூடத்துக்குக் கரண்ட் போவதை அளக்கும் தேவை எழாது. நம்முடைய நோய்க்கு மருந்து நம்முடைய ஊரில் நடக்கும் ஆராய்ச்சியிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு அங்கே பணம் போக வேண்டும்.

கென்யாவின் விலைப்பட்டியல்

இரண்டாவது கதை கென்யாவின் மேற்குப் பகுதியில், புசியா, சியாயா மாவட்டங்களில் நடந்தது. ஊர் முழுக்க டிரான்ஸ்ஃபார்மர்கள் வந்துவிட்டன. பக்கத்திலேயே கம்பி ஓடுகிறது. ஆனாலும் வீடுகள் இருட்டில். காரணம், ஓர் இணைப்புக்குக் கேட்ட தொகை 35,000 கென்ய ஷில்லிங், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 400 டாலர்.

கென்னத் லீ, எட்வர்ட் மிகேல், கேத்தரின் வுல்ஃப்ராம் என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்நாட்டின் கிராம மின்மயமாக்கல் ஆணையத்தோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். 150 ஊர்ப்பகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில ஊர்களில் இணைப்பு இலவசம், சிலவற்றில் 15,000 ஷில்லிங், சிலவற்றில் 25,000, மீதி ஊர்களில் வழக்கமான விலை. இலவசம் என்றபோது ஏறக்குறைய எல்லா வீடும் இணைப்பு எடுத்தது. 15,000 என்றபோது நான்கில் ஒரு வீடு. 25,000 என்றபோது நூற்றில் ஏழு. அத்தனை பேரும் மின்சாரம் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். கையில் பணம் இல்லை.

2015இல் கென்ய அரசு, கடைசி வீடு வரை இணைப்புத் தரும் பெருந்திட்டத்தை அறிவித்து, கட்டணத்தை 15,000 ஷில்லிங்காகக் குறைத்தது. அந்த விலைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்ற விடை, சோதனைக் கணக்கில் ஏற்கெனவே இருந்தது. தவணை முறை எவ்வளவு தேவை என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

அதே ஆய்வு இன்னும் கசப்பான உண்மைகளையும் எழுதிவைத்தது. வரைபடத்தில் இருந்த கம்பங்களில் ஐந்தில் ஒன்று தரையில் இல்லை. இணைப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இணைப்புப் பெற்று ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது வருமானத்திலோ குழந்தைகளின் படிப்பிலோ பெரிய மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. 2020இல் இந்த முடிவுகள் அச்சானபோது பலர் வருத்தப்பட்டார்கள். அப்படியானால் ஏழைக்கு மின்சாரம் வேண்டாமா என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு என் பதில் இது. கம்பி மட்டும் போதாது என்றுதான் அந்த முடிவு சொல்கிறது. விளக்கும் செல்போனும் தவிர வேறு எதுவும் வாங்க முடியாத வீட்டில், அடிக்கடி அணையும் மின்சாரம் வருமானத்தை எப்படி உயர்த்தும்? மோட்டார் வாங்கக் கடன், ஒழுங்கான மின்சாரம், திருட்டுப் போகாத கம்பம் எல்லாம் கூடவே வர வேண்டும். பல்லாயிரம் கோடி செலவழித்த பிறகு தெரியவேண்டிய பாடம், சிறு தொகையில் முன்கூட்டியே தெரிந்தது. கசப்பான முடிவை வெளியே சொல்லும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவு அரசுக்கும் வேண்டும், பணம் தரும் நிறுவனத்துக்கும் வேண்டும்.

கிணற்றடியில் ஒரு கெப்பாசிட்டர்

நம் பக்கத்து நிலத்துக்கு வருவோம். கிணற்று மோட்டார் காயில் கருகுவது நம் விவசாயிகளுக்குப் பழக்கமான துயரம். ரீவைண்டிங் கடைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போகாத விவசாயி உண்டா? மலிவான மோட்டார், நீண்ட கம்பி, ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் அளவுக்கு மேல் இணைப்பு. வோல்டேஜ் குறையக் குறைய மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. காயில் சூடேறிக் கருகுகிறது.

இதற்குச் சில நூறு ரூபாயில் ஒரு பரிகாரம் உண்டு. ஒவ்வொரு மோட்டாரிலும் சரியான அளவில் ஒரு கெப்பாசிட்டர் மாட்டினால் கம்பியில் ஓடும் வீண் மின்னோட்டம் குறையும், வோல்டேஜ் நிமிரும். எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. பிறகு ஏன் வயலில் இல்லை?

ஜெர்மன் அரசின் ஆராய்ச்சி நிதியில், பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஆந்திரக் கிராமங்களில் இந்தக் கேள்வியை எடுத்து ஆராய்ந்தார்கள். காரணம் மின்னியலில் இல்லை, மனிதர்களுக்கு இடையில் இருந்தது. ஒருவர் மட்டும் கெப்பாசிட்டர் மாட்டினால் செலவு அவருடையது, பலன் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லாருக்கும் பங்காகிவிடும். அவருக்குக் கிடைப்பது சொற்பம். எல்லாரும் சேர்ந்து மாட்டினால் எல்லாருக்கும் லாபம். ஆகவே ஊரைக் கூட்டிப் பேச வைப்பதுதான் வேலை. குடிமராமத்து செய்து ஏரியைக் காத்த மண்ணுக்கு இது புதிய செய்தியா? கண்மாய்க்குக் கூடிய ஊர் டிரான்ஸ்ஃபார்மருக்கும் கூட முடியும். ஆனால் அதைக் கண்டுசொல்ல மின்பொறியாளரும் சமூக ஆய்வாளரும் ஒரே கிணற்றடியில் உட்கார வேண்டியிருந்தது. அப்படி இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் நிதி நம் நாட்டில் மிக அரிது.

நாமாகவே செய்துகாட்டியதும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவினரும் மின்வெட்டையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்தார்கள். பற்றாக்குறை நேரத்தில் முழு ஊரையும் இருட்டாக்குவதை விட, ஒவ்வொரு வீட்டுக்கும் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் சிறிதளவு மின்சாரம் தொடர்ந்து கொடுத்தால் விளக்கும் மின்விசிறியும் செல்போனும் ஓடுமே என்று யோசித்தார்கள். அதிலிருந்து கிளைத்த சூரிய மின் அமைப்பு, கம்பியே எட்டாத ராஜஸ்தான் பாலைவன ஊர்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கேற்றியது. மின்வெட்டை அனுபவித்த ஊரில் பிறந்த யோசனை அது.

அடுத்தவர் மடியில் இருக்கும் பணம்

இத்தனை நல்ல ஆராய்ச்சிக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பகுதி வெளிநாட்டு உதவி. பிரிட்டன் அரசின் உதவிப் பணத்தில் 'எனர்ஜி அண்ட் எகனாமிக் க்ரோத்' என்ற ஆராய்ச்சித் திட்டமே தனியாக நடந்தது. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் மின்துறை ஆய்வுகள் பலவற்றை அது தாங்கியது. கொடுத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் மடங்கும். பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காடாக இருந்த உதவியை 2021இல் 0.5 ஆகக் குறைத்தது; 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. அமெரிக்காவின் உதவி முகமையான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலையோடு மூடப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, ஏழை நாடுகளில் நாற்பது ஆண்டுகளாக அது நடத்திவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு நிறுத்தப்பட்டது. வீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்ற கேள்வி அந்தக் கணக்கெடுப்பில் உண்டு. பல நாடுகளில் நம்பகமான விடை அங்கிருந்துதான் கிடைத்துவந்தது. எங்கோ ஒரு தலைநகரில் போட்ட கையெழுத்தால், யாருக்கு வெளிச்சம் இருக்கிறது என்று அறியும் வழி அடைபட்டுப் போனது.

இதே காலத்தில்தான் உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் சேர்ந்து 2030க்குள் 30 கோடி ஆப்பிரிக்கர்களுக்கு மின் இணைப்பு என்ற பெருமுயற்சியில் இறங்கியிருக்கின்றன. கம்பத்துக்குப் பணம் பெருகுகிறது, கணக்குக்குப் பணம் வற்றுகிறது. கென்யாவின் ஐந்தில் ஒரு கம்பம் ஞாபகம் வருகிறது எனக்கு.

நாம் செய்ய வேண்டியது

இந்தியா இன்று கை ஏந்தும் நாடல்ல. ஆனாலும் 2020–21 கணக்குப்படி நம் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 விழுக்காடுதான் எல்லா வகை ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவானது. 2021இல் மத்திய அரசு மின்விநியோகத்தைச் சீர்திருத்த 3,03,758 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தாலே 300 கோடிக்கு மேல் வரும். மாநிலந்தோறும் பொறியியல் கல்லூரிகள் தங்கள் சுற்றுவட்டாரத்து ஃபீடர்களை, அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பித் தடங்களை, பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய அது போதும்.

அதே திட்டத்தில் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் மாட்ட இலக்கு வைக்கப்பட்டது. பில் போடும் பெட்டி என்று மட்டும் அதைப் பார்க்காதீர்கள். அரை மணிக்கு ஒருமுறையோ அதைவிட அடிக்கடியோ மின்னழுத்தத்தையும் குறித்துவைக்கும் அளவுகோல் அது. அக்ராவில் சில நூறு பிளக்குகளை வைத்து அறிந்ததை, நாம் 25 கோடி இடத்தில் அறியலாம். கடைசிக் கம்பத்து வீடு எது என்று ஒவ்வொரு ஊரிலும் கை நீட்டிக் காட்டலாம். அந்தப் பதிவுகளை வீட்டுக்காரரின் அடையாளத்தை நீக்கிப் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிட வேண்டும். பூட்டிவைத்த பதிவு அளக்காத அளவுக்குச் சமம்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்ப்செட்டுகள் இலவச மின்சாரத்தில், பெரும்பாலும் மீட்டர் இல்லாமல் ஓடுகின்றன. அவை எவ்வளவு எடுக்கின்றன என்பது மதிப்பீடுதான். அந்த மதிப்பீட்டை ஏற்றினால் கம்பியில் ஆகும் இழப்பு குறைந்ததுபோல் தெரியும். இறக்கினால் கூடியதுபோல் தெரியும். மீட்டர் என்றதும் விவசாயி அஞ்சுகிறார், அடுத்து பில் வரும் என்று. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் டிரான்ஸ்ஃபார்மரில் அளப்போம், ஆராய்ச்சிக்காக அளப்போம், இலவசத்தில் கைவைக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுத்து அளப்போம். கட்டணம் வேறு, கணக்கு வேறு.

நிதி தருபவர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஓராண்டுக்குத் தந்து அறிக்கை கேட்காதீர்கள். ஒரு ஃபீடரைப் புரிந்துகொள்ள நாலைந்து மழைக்காலமும் கோடைக்காலமும் பார்க்க வேண்டும். தோற்றுப்போன சோதனையையும் வெளியிடச் சொல்லுங்கள். அடுத்தவர் அதே பள்ளத்தில் விழாமல் இருப்பார். அந்த ஊர் ஆய்வாளரின் பெயர் முதல் பக்கத்தில் வரும்படி செய்யுங்கள். தகவல் திரட்டும் கூலியாளாக அவரை வைத்திருந்தால் திட்டம் முடிந்ததும் அறிவும் விமானமேறிப் போய்விடும்.

மாணவர்களுக்கு ஒரே வேண்டுகோள். லைன்மேனிடம் பேசுங்கள். எந்த ஜம்பர் எந்த மழையில் எரியும், எந்த வீட்டில் எத்தனை மணிக்கு வோல்டேஜ் விழும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதை எண்ணாக்கி எழுதுவதில் உங்கள் முதல் ஆராய்ச்சி தொடங்கட்டும்.

எங்கள் வீட்டு வோல்டேஜ் பிற்பாடு சரியாயிற்று. ஊருக்குள் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வந்தது, நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு. அதுவரை அந்தக் கம்பியில் எவ்வளவு குறைந்தது என்று ஒருவரும் ஒருநாளும் அளந்ததில்லை. அம்மாவுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. தினமும் சிமினி துடைத்தாரே, அதுதான் அவருடைய அளவுக்கருவி. இன்றைக்கும் புசியாவிலோ பீகாரிலோ ஒரு தாய் சாயங்காலத்தில் விளக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரிந்தது பதிவேட்டுக்கும் தெரிய வேண்டும். அதற்கு ஆகும் செலவைத்தான் நான் ஆராய்ச்சி நிதி என்கிறேன்.